மேல் கோட்டுக்கு மேலே

"வேன் வாங்க வந்தா, கொசு மருந்து அடிக்கிற வண்டியைக் காட்டுறீங்களே சார்!"

குறிஞ்சிப்பாடி ஜவுளிக்காரர் சிங்காரவேல் மூக்கைப் பொத்திக்கொண்டார். வேனின் பின்னாலிருந்து நீலப் புகை சுருண்டு சுருண்டு வந்து வாசலை நிறைத்தது.

"கொஞ்ச தூரம் ஓடினா நின்னுடும்," என்றான் மருதாசலம்.

"நின்னதும் சொல்லி அனுப்புங்க." அவர் பஸ்ஸைப் பிடிக்க நடந்துவிட்டார்.

விலை பேச வந்து, புகையைப் பார்த்துத் திரும்பிப் போகிற மூன்றாவது ஆள்.

வேன், மருதாசலத்தின் தங்கை கமலாவுடையது. மைன்ஸுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போக அவள் கணவர் பரமசிவம் வாங்கியது. அவர் இறந்து ஒரு வருஷமாகிறது. பிள்ளைகள் இல்லை. மந்தாரக்குப்பம் வீட்டில் கமலா மட்டும்தான். வேனை விற்றுப் பணத்தை பாங்கில் போட்டுவிட்டால் வட்டியில் அவள் காலம் ஓடும் என்பது மருதாசலத்தின் ஏற்பாடு. அதற்காக அவன் டவுன்ஷிப்பிலிருந்து வார லீவு தவறாமல் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தான்.

மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவன். இன்றைக்கு அவனுக்குச் சந்தேகம் வந்தது.

"பழைய என்ஜின்னு கெட்டியான நாற்பதாம் நம்பர் ஆயில் நானே பார்த்து வாங்கி மாத்தினேன். அப்புறமும் ஏன் புகை?"

என்ஜினை நிறுத்தி, ஆயில் கீழே இறங்கட்டும் என்று பொறுத்தான். அளவுக் கம்பியை உருவித் துடைத்தான். திரும்பச் செருகி எடுத்தான். கம்பியில் இரண்டு கோடுகள் உண்டு; ஆயில் அவற்றின் நடுவே நிற்க வேண்டும். மேல் கோட்டையும் தாண்டி இரண்டு விரல் ஏறி நின்றது.

"டிரைவரே, இங்கே வாய்யா!"

கலியமூர்த்தி வந்தார். பரமசிவம் காலத்திலிருந்து இந்த வேனை ஓட்டுகிறவர்.

"ஆயில் ஜாஸ்தியானா புகை அள்ளும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க சார்."

"தெனம் காலையில அளவு பார்க்கிறது யாரு?"

"நான்தாங்க."

"அப்போ இவ்வளவு ஆயில் எப்படி வந்தது? உள்ளே என்ன கிணறா இருக்கு, ஊறுறதுக்கு?"

கலியமூர்த்தி வாசற்படியைப் பார்த்தார். கமலா அங்கே நின்றிருந்தாள்.

"பார்க்காம ஊத்திட்டேங்க சார்."

"மூணு தடவையுமா பார்க்கலை? வண்டி வித்துட்டா சம்பளம் நின்னுடும்னு வேணும்னே பண்ணியிருக்கே! தனியாக் கிடக்கிற பொம்பளைகிட்டயா உன் வேலையைக் காட்டுறே? சாவியை வெச்சுட்டுக் கிளம்பு."

கலியமூர்த்தி சாவியை சீட்டின் மேல் வைத்தார்.

"வரேம்மா. கவலைப்படாதீங்க, வேற வண்டிக்குச் சொல்லி வச்சிக்கினுதான் இருக்கேன்."

"நில்லுங்க," என்றாள் கமலா. படியிறங்கி அண்ணனிடம் வந்தாள்.

"அவரை ஒண்ணும் சொல்லாதேண்ணா. ஊத்தினது நான். வேன் பார்க்க ஆள் வர்ற அன்னிக்கெல்லாம், அவர் அளவு பார்த்துட்டு டீ குடிக்கப் போவார். அந்த நேரத்துல ஊத்துவேன். மறுநாள் அவர்தான் வடிச்சு எடுப்பார். ஏம்மான்னு ஒரு வார்த்தை கேட்டதில்லை."

மருதாசலம் கையில் கம்பியோடு விழித்தான்.

"உனக்கென்ன பைத்தியமா கமலா? இந்த ஓட்டை வேனை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே?"

"வேன் எனக்கு வேண்டாம்ணா."

"பின்னே?"

"கருமாதிக்கு வந்துட்டுப் போனே. அப்புறம் இந்த வேனுக்கு ஆள் தேட ஆரம்பிச்ச பிறகுதான் இந்த வாசலை மிதிச்சே." அவள் குரல் தாழ்ந்தது. "இதுவும் வித்துப்போச்சுன்னா, நீ எதுக்குண்ணா இங்கே வருவே?"