கண்டிக் குத்துவாள்

"வாள் அடிக்கிறாராம், வாள்! கூடவே ஒரு வாலும் அடிச்சு மாட்டிக்கங்கண்ணே. தொரை முன்னால ஆட்டிக்கிட்டு நிக்கலாம்."

எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னான் பழனியாண்டி. தங்கவேலு உலையில் பழுக்கக் காய்ந்த பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை எடுத்து அடிக்க ஆரம்பித்தார்.

இருவரும் சிலோனிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். குன்னூருக்குக் கீழே ஒரே எஸ்டேட், ஒரே லயத்து வரிசை வீடுகள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி தீட்டுவது, மண்வெட்டி அடிப்பது எல்லாம் தங்கவேலு பாடு.

எஸ்டேட் மேனேஜர் துரைக்கு ஒரு பைத்தியம். பங்களாச் சுவர் முழுக்க அந்தக் காலத்து ஆயுதங்கள். கண்டி ராஜா காலத்துக் குத்துவாள் மாதிரி ஒன்று செய்து தா, ஆயுத பூசைக்குள் வேண்டும் என்று தங்கவேலுவிடம் சொல்லியிருந்தார்.

அதே துரைதான் பழனியாண்டியை வேலையிலிருந்து நிறுத்தியவர். காலைப் பிரட்டில், பேர் கூப்பிடும்போது, ஒவ்வொருவரும் குனிந்து சலாம் வைக்க வேண்டும். அது அவர் போட்ட சட்டம். பழனியாண்டி குனியவில்லை.

"குனியிற வரைக்கும் உனக்கு வேலை கிடையாது, போ!"

அப்படிப்பட்டவருக்கு வாள் செய்தால் லயம் சும்மா இருக்குமா? தங்கவேலு வீட்டோடு பேச்சை நிறுத்தியது. குழாயடியில் அவர் மனைவி தெய்வம்மா வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"நாளைக்கு நம்மூட்டுல ஒரு சாவு விழுந்தாக்கூட எட்டிப் பாக்க ஆளிருக்காது. இந்த எழவெடுத்த கத்தி நமக்கு வேணுமா?" என்று அழுதாள்.

"பூசை முடியட்டும்" என்றார் தங்கவேலு. அவ்வளவுதான்.

ஆயுத பூசையன்று ஃபேக்டரியில் மொத்த எஸ்டேட்டும் கூடியிருந்தது. வெலிங்டனிலிருந்து துரையின் சிநேகிதர், ஒரு ராணுவ அதிகாரி, வந்திருந்தார்.

தங்கவேலு உறையிலிருந்து வாளை உருவினார். எருமைக்கொம்புப் பிடி, நுனி கிளிமூக்காய் வளைந்திருந்தது. அலகில் பித்தளைக் கொடி ஓடியது. அதிகாரி எழுந்தே விட்டார்.

துரை பெருமையாகக் கையை நீட்டினார்.

தங்கவேலு கொடுக்கவில்லை. வாளைத் தன் காலடியில், தரையில் வைத்தார்.

"என்னய்யா இது?" துரை முகம் கறுத்தது.

"ஆயுதத்தக் கைக்குக் கை குடுக்கப்படாதுங்க. ஒறவு அறுந்துபோகும். நான் வச்சிட்டேன், நீங்க எடுத்துக்கிடணும்."

"ஆறுக்குட்டி, அதை எடு!"

ஹெட் கிளார்க் ஆறுக்குட்டி ஒரு எட்டு பின்னால் போனார்.

"நானுங்களா? வேண்டாமுங்க. எங்க கோயமுத்தூருப் பக்கமும் அப்படித்தானுங்க. வாங்கறவங்கதான் எடுக்கோணும். பூசை நாளு வேறங்க."

அதிகாரி சிரித்தார். "எங்க பட்டாளத்துலயும் இந்த மாதிரி நிறைய உண்டு. எடுங்க சார், எவ்வளவு நேரம் கிடக்கும்?"

துரை சுற்றிலும் பார்த்தார். வாளைப் பார்த்தார். விட மனமில்லை.

குனிந்தார். தொப்பை இடித்தது. இன்னும் கொஞ்சம் குனிந்து எடுத்தார்.

மொத்த எஸ்டேட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்ததும் இறக்கத்தில் பழனியாண்டி மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அண்ணே, நில்லுங்க. கையில குடுக்கக் கூடாது, சரி. பக்கத்துலயே பொரி வச்சிருந்த மேசை இருந்துச்சே. அதுமேல வச்சிருக்கலாமே?"

தங்கவேலு நிற்காமல் நடந்தார்.

"வச்சிருக்கலாம். தொரை குனிஞ்சிருக்க மாட்டாரேடா."