கடைசி டப்பா

“அந்தப் படத்தைக் கொன்னவன் எவன்? இங்கேதான் இருக்கணும். மனுஷனா இருந்தா எழுந்து நில்லுங்கய்யா!”

ஏனோக் மேஜையில் அடித்த அடியில் டீ சாஸர்கள் குதித்தன.

செகந்திராபாத் ரயில்வே இன்ஸ்டிட்யூட். உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். டைரக்டர் சாரநாதன் மெட்ராஸில் காலமாகிவிட்டார். அவர் நினைவாக அடுத்த ஞாயிறு காலைக் காட்சிக்கு அவருடைய படம் ஒன்றை வரவழைக்க வேண்டும். சாதாரணப் படம் கூடாது. இருப்பதிலேயே சிறந்தது வேண்டும். எது சிறந்தது என்பதில்தான் இவ்வளவு ரகளை.

“கப்பல் படத்தை முதல்ல போடுங்க!”

“பாட்டே பதினெட்டு. அது படமா, பஜனையா? தறிக்காரன் படம்தான் முதல்.”

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் குணசேகரன். ரசிகர் சங்கத்தின் காரியதரிசி. ஆபீசில் ஹெட் கிளார்க். லைனில் யார், எப்போது, எவ்வளவு நேரம் வேலை பார்ப்பது என்பதெல்லாம் அவர் பேனாவில் இருந்தது.

தறிக்காரன் படத்துக்கு முதலிடம் கொடுத்தார். ரயில்வே கேட்காரன் படத்தைக் கடைசியில் எழுதினார். அங்கேதான் ஏனோக் வெடித்தான்.

“தம்பி,” என்றார் குணசேகரன், “நீ பெரம்பூர்லேருந்து மாத்தலாகி வந்தவன். புதுசு. கேட்காரன் படம் ஒரு படமா? லெவல் கிராஸிங்ல ரயில் ஒரு ஜட்கா வண்டியை அடிக்குது. தூங்கிட்டான்னு கேட்காரனுக்கு வேலை போகுது. வீட்டை விட்டு நடக்கிறான். உடனே சுபம்! பாதியில நிக்கிற படம்.”

“பாதிதான் சார்! மெட்ராஸ்ல நாலு தடவை பார்த்தவன் நான். அதுக்கப்புறம் ஒரு முழு ரீல் இருக்கு. அதுதான் படமே! இங்கே போட்டப்போ அது ஏன் வரலை? ஃபிலிமை உருக்கி வளையல் பண்ணட்டும்னு லாட் பஜார் வளையல்காரன்கிட்ட எவனாவது வித்துட்டானா?”

எல்லாத் தலையும் புரொஜெக்டர் ஆபரேட்டர் யேசுதாஸ் பக்கம் திரும்பியது.

“எதுக்கு சும்மா நிக்கிறே யேசுதாஸ்? சொல்லு!” என்று ஒருவர் அதட்டினார்.

“நான் விக்கலை,” என்றான் யேசுதாஸ். “கடைசி ரீல் இருந்த டப்பாவை நான் திறக்கவே இல்லை. வந்த மாதிரியே மெட்ராஸுக்குத் திருப்பி அனுப்பிட்டேன்.”

“திறக்காமலா? யார் சொல்லி?” என்றான் ஏனோக்.

யேசுதாஸ் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தான்.

குணசேகரன் கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டார்.

“நான்தான் சொன்னேன். மெட்ராஸ்ல பார்த்துட்டு வந்து சொன்னேன். அந்த ரீல்ல கேட்காரன் கயித்தை எடுக்கிறான். நம்ம தாயம்மா பெண்கள் பெஞ்சுல முன்னால உட்கார்ந்து பார்க்கிறவ. அவ புருஷன் எப்படிப் போனான்னு உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரையிலயும் அவ பார்க்கணுமா?”

எல்லாரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

தாயம்மாள் டீ கெட்டிலோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷனும் கேட்காரன். தூங்கி ஒரு ஜட்காவைப் பலி கொடுத்தான் என்று வேலை போய், மறு வாரமே வேப்பமரத்தில் தொங்கினவன். காலனியில் அவள் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் தூங்குமூஞ்சி பிள்ளைகள் என்றுதான் பேர். இந்த டீ வேலையைக்கூட குணசேகரன்தான் சொல்லி வாங்கிக் கொடுத்தார்.

“மனுஷன்னா இவர்யா!” என்று ஒரு ஃபிட்டர் எழுந்து தன் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார். குணசேகரன் உட்கார்ந்தார்.

ஏனோக்கின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

“மன்னிச்சுக்குங்க சார். விஷயம் தெரியாம கத்திட்டேன்.” தலையைச் சொறிந்தான். “ஆனா ஒண்ணு சார். அந்த அம்மா பார்த்திருந்தா மனசுக்கு ஆறுதலாத்தானே இருந்திருக்கும்? படத்துல அவன் சாகமாட்டானே.”

“என்னது?” என்றார் ஃபிட்டர்.

“கயித்தை எடுப்பான். பெண்டாட்டி ஓடிவந்து பிடுங்கிடுவா. அப்புறம் விசாரணை. டியூட்டி போட்ட கிளார்க் அத்தனை பேர் முன்னால எழுந்து நிப்பான். ‘இவன் தூங்கலை, அசந்து விழுந்துட்டான். மாத்தறதுக்கு ஆள் இல்லைன்னு மூணு டியூட்டியைச் சேர்த்து இவன் தலையில கட்டினது நான். கேஸ் வந்ததும் வாயை மூடிக்கிட்டதும் நான்’னு சொல்லுவான். கொட்டகையில ஒரு இருமல் சத்தம் இருக்காது சார். நீங்களும்தான் பார்த்திருக்கீங்களே?”

குணசேகரன் கரும்பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யேசுதாஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஃபிட்டர் நாற்காலியின் முதுகிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

தாயம்மாள் கெட்டிலைத் தரையில் வைத்தாள். நேராக நடந்து வந்து குணசேகரன் எதிரில் நின்றாள்.

“மூணு டியூட்டி சேர்த்துப் போட்டாங்கன்னு அவரும் சொன்னாருய்யா. சாகிற வரைக்கும் சொன்னாரு. ஒருத்தரும் நம்பலை. நானே நம்பலை.”

“தாயம்மா, அது வந்து... ஒரு சினிமா...”

“சினிமா அடுத்த ஞாயித்துக்கிழமை வரட்டும். அந்த டப்பாவை அன்னைக்கு இவங்க திறக்கட்டும். என் பிள்ளைங்க அதுவரைக்கும் பொறுக்க வேணாம். இப்பவே, இத்தனை பேர் முன்னால, எழுந்து நில்லுங்கய்யா!”