முதல் டோக்கன்

கோவிந்தப்பனின் டோக்கனை வாட்ச்மேன் நாராயணப்பன் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

தங்கமணிக்கு அதைத் தொட மனம் வரவில்லை. சர்வரிலிருந்து அவர் பெயரை எடுப்பது அவள் வேலை.

தொழிற்சாலை கேட்டில் வருகைப் பதிவுக்கு வெப் பேஜ் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வாட்ச்மேன் டோக்கன் நம்பரைத் தட்டினால் இந்தக் கம்ப்யூட்டர் அறையிலுள்ள சர்வரில் பதிவாகும். முப்பது விநாடிக்குள் பதில் போகாவிட்டால் கேட் திரை அந்த நம்பரை விட்டுவிட்டு அடுத்ததைக் கேட்கும். ஷிப்டு நேரத்தில் வரிசை தேங்கக்கூடாதென்று அப்படி வைத்தவள் தங்கமணிதான். தொண்ணூற்றொன்பதிலேயே நம்மிடம் இது இருக்கிறது என்று மேனேஜர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

கோவிந்தப்பன் சாமல்பட்டிக்காரர். மூக்கண்டப்பள்ளியில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கி, என்றைக்காவது பர்மனென்ட் ஆக்கமாட்டார்களா என்ற நப்பாசையில் காண்ட்ராக்டில் காலம் ஓட்டியவர். போன மாதம் பதினொரு நாள் ஆப்சென்ட் என்று காட்டியது. பத்தைத் தாண்டினால் வேலை போய்விடும். சூப்பர்வைசர் கைவிரித்துவிட்டார்.

“கேட்டு தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிக்கறவன்மா நானு,” என்று அவளிடம் சொல்லிப் பார்த்தார்.

அவள் அதைப் பெர்சனல் ஆபீசரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். சர்வரைச் சோதித்துச் சொல்லும்படி அவளிடம் விட்டார்.

ஞாயிறு விடுமுறையில் ஐம்பது டோக்கன்களை மளமளவென்று அனுப்பிப் பார்த்தாள். முதலாவதற்கு நாற்பது விநாடி. மற்ற நாற்பத்தொன்பதும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தன.

இரவெல்லாம் சும்மா கிடந்த சர்வர் அப்படித்தான், பனியில் நின்ற மொபெட் நாலு உதை கேட்பது மாதிரி. சோதனையில் முதலாவதற்கு ஆகும் நேரத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று பெங்களூரில் பயிற்சி கொடுத்தவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதை அடித்துவிட்டு, பழுதில்லை என்று எழுதிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை விசாரணை பத்தே நிமிடத்தில் முடிந்தது. கோவிந்தப்பன் டோக்கனைக் கழற்றிக் கொடுத்தாராம். ராத்திரியே பெட்டியோடு ஊருக்குப் போய்விட்டாராம்.

அவர் பெயரை எடுத்தாள். மனசு கேட்கவில்லை. சும்மா இருக்க முடியாமல், இன்று காலை யார் முதலில் வந்தது என்று நாராயணப்பனிடம் கேட்டாள்.

“மாரிசாமிம்மா. அந்தா, ட்ராலி தள்றான் பாருங்க.”

கண்ணாடிக்கு அப்பால் மாரிசாமி இரும்புத் தகடு நிறைந்த ட்ராலியை மூச்சுவாங்கத் தள்ளிக்கொண்டு போனான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

தங்கமணி இன்றைய பட்டியலைத் திறந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவன் மட்டும் வேலைக்கு வரவில்லை.

மாரிசாமி.