பன்னிரண்டாவது துளை

“இதிலயும் நிலக்கரி இல்லை.”

சர்க்கார் நிலவியல் அதிகாரி அம்பிகைபாகன் மண் மாதிரியைக் கீழே போட்டார். மலாயாவின் லாயாங் லாயாங் காட்டில் எட்டு மாத அலைச்சல், பன்னிரண்டு துளைகள்.

“ஒவ்வொரு துளைக்கும் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுத்தானே தொடங்குறியள்? மாரியம்மனுக்கு என்னில இரக்கமில்லைப் போல.”

துளை போடும் கங்காணி ஐயாசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

“பழைய துளையெல்லாம் மூடியாச்சோ?”

ஐயாசாமியின் கண் தோட்டத்துப் பக்கம் போய்த் திரும்பியது. அம்பிகைபாகன் எழுந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தருகே போட்ட பதினோராவது துளைக்கு நடந்தார். இரும்புக் குழாய் அப்படியே நின்றது. அதன் வாயிலிருந்து தெளிந்த நீர் பொங்கி வழிந்தது. குடங்களோடு பெண்கள் காத்திருந்தார்கள்.

“ஆத்துத் தண்ணி குடிச்சு, போன வருசம் ஒன்பது புள்ளைங்க வயித்துக்கடுப்புல போயிருச்சுங்கய்யா,” என்றான் பின்னால் வந்த ஐயாசாமி. “கரி கெடைச்சா சர்க்கார் வேலி போட்டுரும். கெடைக்காத துளைதான் எங்களுக்கு.”

அம்பிகைபாகன் குனிந்து குழாய் நீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்.

வரிசையில் நின்ற கருப்பாயி குடத்தை இறக்கிவைத்துக் கைகூப்பினாள்.

“அடுத்தத எங்க கீழ் லயத்துப் பக்கம் போடுங்கய்யா. அங்கயும் உங்களுக்கு ஒண்ணும் கெடைக்கக்கூடாதுன்னு ஆத்தாவுக்கு நேந்திருக்கோம்.”