நிற்காத மெஷின்

விடுதி அறையின் ஜன்னலில் வெளிறிய காலை வெயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் வாய்மொழித் தேர்வு. தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்த போனுக்குள் அம்மா யாருடைய சட்டைக்கோ கை தைத்துக்கொண்டிருக்கிறாள். மகள் படிக்கும் மொழியில் அவளுக்கு 'ஆமாம்', 'இல்லை'கூடத் தெரியாது. மகள் தாளைப் பார்த்து அந்த மொழியில் மடமடவென்று வாசிக்கிறாள்; தையல் மெஷினும் கடகடவென்று கூடவே ஓடுகிறது. மூன்றாம் பக்கத்தில் மெஷின் பொசுக்கென்று நிற்கிறது. "ஏம்மா நிறுத்திட்ட?" "அந்த எடத்துல முழுங்கினியே. உனக்கே அது புரியலடி." மகளுக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வருகின்றன. புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்துப்போட்டு ஒப்பேற்றிய வரிகள்தான் அவை. தாளைக் கவிழ்க்கிறாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி, தனக்குத் தெரிந்த சின்னச் சின்னச் சொற்களைக் கோத்து, அதே மொழியில் அதை மறுபடி சொல்கிறாள். மெஷினும் திரும்ப ஓடத் தொடங்குகிறது. தடுக்கித் தடுக்கித்தான் வருகிறது. பாதி வாக்கியத்தில் நின்று யோசிக்கிறாள். மெஷின் நிற்கவேயில்லை. அவள் முடித்த பிறகுதான் அம்மா நூலைப் பல்லால் கடித்துத் துண்டிக்கிறாள். "இப்பதான் என் பொண்ணு பேசினா. அதுக்கு முன்னாடி யாரு பேசிக்கிட்டிருந்தாங்கன்னுதான் எனக்குத் தெரியல."