ஆறு மணி வேன்

"எந்தப் பய இந்தச் செயினக் கழட்டிப் போட்டவன்?" என்று மாயாண்டி போட்ட கூச்சலில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் சிதறி ஓடின. விடிகாலை ஐந்தரை மணி. ஈரச்சாக்கு போர்த்திய மல்லிகைக் கூடை கேரியரில் தயாராக இருந்தது. செயின் மட்டும் சைக்கிளுக்கு அடியில் சுருண்டு கிடந்தது.

"நீங்கதான் கழட்டினீக. மண்ணு ஏறிப்போச்சு, காலைல கழுவிப் போடணும்னு நேத்துச் சாயங்காலம் சொல்லலையாக்கும்?" என்றாள் மனைவி அங்கம்மாள், வாசல் தெளித்தபடி.

சொல்லியிருக்கலாம். ஆயிரம் வேலையில் எதைச் சொன்னோம், எதை விட்டோம் என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

ஆறு மணிக்கு மெயின் ரோட்டில் நிலக்கோட்டை வேன் வந்துவிடும். நிலக்கோட்டையில் பூக்கடை ஜமால் முகமது காத்திருப்பார். எட்டு மணி முகூர்த்தத்துக்கு மாலை கட்ட மாயாண்டி பூத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். வேனை விட்டால் மொட்டெல்லாம் விரிந்துவிடும். யார் வீட்டுப் பெண்ணோ மணவறையில் வெறுங்கழுத்தோடு நிற்கும்.

"ஏலே பழனிக்குமாரு, உன் பைக்க எடுறா! ஒரே ஓட்டமா ஓடிக் குடுத்துட்டு வந்துரலாம்."

மகன் பல் விளக்கிய நுரையைத் துப்பினான். "பெட்ரோல் இல்லப்பா."

"உனக்கு என்னைக்குடா இருந்துச்சு?"

கல்நெஞ்சுக்காரப் பயல். முப்பது வயதாகியும் பெற்ற தகப்பனுக்கு ஒரு கிலோமீட்டர் உதவ முடியவில்லை. மாயாண்டி செயினை அப்படியே எடுத்து மாட்டப் போனார்.

"கழுவாம மாட்டாதீக," என்று அங்கம்மாள் தடுத்தாள். "மண்ணோட மாட்டிப் பாதி வழில அந்துச்சுன்னா அந்தக் கல்யாணப் புள்ளைக்கு யாரு பதில் சொல்றது?"

அதுவும் நியாயம்தான். தொழிலில் அரைகுறை வேலை மாயாண்டிக்குப் பிடிக்காது. பழைய வாணலியில் டீசலை ஊற்றிச் செயினை முக்கினார். பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தார். தேய்த்தாரே தவிர, டீசல் ஊற்றியபடியே தெளிவாக இருந்தது. பரவாயில்லை, நல்ல கம்பெனிச் செயின், அழுக்கே ஒட்டாது போல என்று அந்த அவசரத்திலும் மெச்சிக்கொண்டார்.

துணியால் துடைத்துப் பின்சக்கரப் பல்லில் ஏற்றி, பெடல் பக்கத்துப் பெரிய பல்சக்கரத்தில் இரண்டு முனைகளையும் கொண்டுவந்து நிறுத்தினார். இனி முனைகளை இணைக்கும் லாக்கைச் சொருகி, கிளிப்பைப் போட வேண்டியதுதான். லாக்கைக் காணோம்.

"லாக்கு எங்க புள்ள?"

"தேடுறேன்ல. செத்த பொறுங்க."

அவள் தேடிய அழகைப் பார்க்க வேண்டுமே! கோலமாவு டப்பா, அடுப்படி, சாமி படத்துக்குப் பின்னால் என்று ஆடி அசைந்து ஒரு சுற்று வந்தாள். மாயாண்டி மண்ணை விரலால் சலித்துக்கொண்டிருந்தார். "முருகா, இன்னைக்கு ஒருநாள் என் மானத்தக் காப்பாத்துடா," என்று வாய்விட்டே கெஞ்சினார்.

கடைசியில் லாக் அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்குள் இருந்து கிடைத்தது. அது அங்கே எப்படிப் போனது என்று கேட்க நேரமில்லை. சொருகினார். கிளிப்பின் வாய் பின்பக்கம் பார்க்க வேண்டும், மாற்றிப் போட்டால் ஓட்டத்தில் தெறித்துவிடும். குறட்டால் ஒரு அழுத்து. டக்கென்று உட்கார்ந்தது.

பெடலைச் சுற்றினார். சக்கரம் சத்தமில்லாமல் சுழன்றது. ஸ்டாண்டைத் தட்டப் போனபோது மெயின் ரோட்டில் ஹாரன் கேட்டது. வேன் நின்றதும் கேட்டது, கிளம்பியதும் கேட்டது.

மாயாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்து, எண்ணெய்க் கையால் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "போச்சே! நல்ல நாளும் அதுவுமா ஒரு பொண்ண மாலையில்லாம நிக்க வச்சிட்டேனே!"

அங்கம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்தாள். "அழுகாதீக. இப்பத்தான் ஜமால் பாய் போன் போட்டாரு. முகூர்த்தம் நாளைக்காம். நாளைக்குக் கொண்டாந்தாப் போதுமாம்."

"நெசமாவா?"

"உங்ககிட்டப் பொய் சொல்லுவேனா?"

மாயாண்டிக்கு உயிர் திரும்பி வந்தது. சிரித்துக்கொண்டே எழுந்து கைகழுவி, உள்ளே போய்ப் பழைய சோற்றின் முன் உட்கார்ந்தார். நாளைக்கு ஐந்து மணிக்கே கிளம்பிவிட வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

அவர் காதுக்கு எட்டாத வாசலில், பழனிக்குமார் கேரியர் கூடையை அவிழ்த்து இறக்கினான். சாக்குக்கு அடியில் வைக்கோல் இருந்தது.

"தோட்டத்த வித்து ஆறு வருசமாச்சும்மா. தெனமும் இவர அழவிட்டுப் பாக்க முடியல. இந்தச் சைக்கிள எடைக்குப் போட்டுருவோம்."

"போட்டா நடந்து கெளம்பிருவாரு. போன வருசம் மூணு நாளு தேடிப் பழனி பஸ் ஸ்டாண்டுல கண்டுபுடிச்சத மறந்துட்டியா? இங்க கை வேலையா இருந்தா, வேன் போற வரைக்கும் வாசலத் தாண்ட மாட்டாரு."

வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அங்கம்மாள் குறட்டை எடுத்து மகன் கையில் கொடுத்தாள்.

"செயினக் கழட்டிப் போடு அப்பு."