மெத்தை மேல் வைக்காதே

“மெத்தை மேல வைக்காதீங்கன்னு போன தடவையே சொன்னேன்ல ஆன்டி?”

லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் விமலன் இதைக் கேட்டான். விசிறிக்குள் பஞ்சும் முகப்பவுடர் மாதிரி ஒரு வெள்ளைத் தூளும் சேர்ந்து அப்பிக் கிடந்தன. மூன்று வாரத்துக்கு முன்புதான் இதே விசிறியைப் பளிச்சென்று அனுப்பியிருந்தான்.

எதிரே நின்ற அமுதவள்ளிக்கு ஐம்பது வயதிருக்கும். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் பொட்டலம் கட்டும் வேலை. காலை ஷிப்டு முடிந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் மாடியில் இருக்கும் அவன் கடைக்கு வந்துவிடுவாள். பழைய லேப்டாப்புகளைச் சரிசெய்து விற்கும் அவனிடம்தான் இந்த கேமிங் லேப்டாப்பை வாங்கியிருந்தாள். ஆறு மாத கேரண்டி கொடுத்து மாட்டிக்கொண்டது அவன்தான்.

இது நான்காவது தடவை. ஒவ்வொரு தடவையும் அதே புகார். தொட முடியாத சூடு, அப்புறம் படம் விட்டு விட்டு ஓடுகிறது. முதல் தடவை சிப்புக்கு மேலே தடவும் பேஸ்ட்டை மாற்றினான். அடுத்த தடவை விசிறியையே மாற்றினான். மூன்றாவது தடவை அடியில் காற்றுப் போக ஒரு ஸ்டாண்டையும் சும்மா கொடுத்து, மூடியின் மேல் ‘மெத்தை மேல் வைக்காதே’ என்று எழுதி ஒட்டியும் விட்டான். எழுத்து கலையாமல் அப்படியே இருந்தது. படித்தவர்தான் யாரும் இல்லை போலும்.

கடையில் நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தாலும் ஒரு குறையும் தெரியாது. அவள் வீட்டுக்குப் போனால்தான் வந்துவிடும். சூடு அதிகமானால் கெட்டுப்போகாமல் இருக்க லேப்டாப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கோளாறு அதில் இல்லை, அதை வைக்கிற இடத்தில்தான் என்று மறுபடியும் விளக்கினான். அவள் தலையாட்டினாள். போன தடவையும் இப்படித்தான் ஆட்டினாள்.

மூடி முடுக்கி, அதை ஓடவிட்டு, எது எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்ற பதிவைத் திறந்து பார்த்தான். ஒரே ஒரு கேம். ஞாயிறு, பொதுவிடுமுறை எதுவும் கிடையாது. தினமும் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம்.

“பையன் ஸ்கூல் போறதில்லையா ஆன்டி?”

அவள் கொஞ்சம் தயங்கி, இல்லை என்றாள். வேலை? அதுவும் இல்லை.

விமலனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் கால் கடுக்க நின்று பொட்டலம் கட்டிவிட்டு ரயிலிலும் நின்றுகொண்டே வருகிறாள். அவன் மெத்தையில் படுத்துக்கொண்டு விளையாடுகிறான். அடுத்த தடவை லேப்டாப்பை அவனையே தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்றான். அவள் ஜன்னலுக்கு வெளியே போன மோனோரயிலைப் பார்த்தபடி, அது முடியாது என்றாள். அப்படியானால் ஒரு வாரம் இது இங்கேயே கிடக்கட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்றான்.

அதற்குத்தான் அவள் பதறினாள்.

“வேணாம் தம்பி. போன தடவ ரெண்டு நாள் இங்க இருந்துச்சுல்ல, ரெண்டு நாளும் வீட்டுல சோறு இறங்கல. பேச்சும் இல்ல.”

“நல்லா செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க லா.”

அவள் லேசாகச் சிரித்ததுபோல இருந்தது. அது அவன் எரிச்சலை இன்னும் கிளறியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தானே வீட்டுக்கு வந்து பேசுவதாகவும், அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் இனி இந்த லேப்டாப்பைத் தொடப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டான். அவள் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை போர்ட் கிள்ளான் போய்ச் சேரும்வரை, என்ன பேசுவது என்று காருக்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனான். தரைத்தள வீடு. அமுதவள்ளி தேநீர் கலக்கப் போனாள். வேண்டாம் என்று தடுத்து, எந்த அறை என்று கேட்டான். அவள் கை காட்டினாள். சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால் எஞ்சின் உறுமும் சத்தம் கேட்டது. பொறுக்க முடியாமல் கூடத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டான்.

“தம்பி, உங்கம்மா உனக்காக எத்தனை தடவ ரயில் ஏறி வந்துட்டாங்க தெரியுமா? கொஞ்சம் எழுந்து நாற்காலியில உட்கார்ந்து விளையாடினா என்ன?”

கதவைத் தள்ளினான்.

கட்டிலில் நரைத்த தாடியோடு ஒருவர் படுத்திருந்தார். மார்புவரை போர்வை. தலைக்கு அருகில் மெத்தைமேல் லேப்டாப். அவர் உடம்பில் அசைந்தது மவுஸைப் பிடித்திருந்த வலது கை மட்டும்தான். திரையில் நீளமான கன்டெய்னர் லோரி ஒன்று மெதுவாகப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

“எங்க வீட்டுக்காரர் தம்பி,” என்றாள் பின்னால் வந்து நின்ற அமுதவள்ளி. “ஓட்டிட்டுப் போன லோரி கவிழ்ந்து மூணு வருஷமாச்சு. வர்றவங்க எல்லாம் ஐயோ பாவம்னு சொல்லிட்டுப் போறாங்க. நீங்க ஒருத்தர்தான் பையன்னு நினைச்சுத் திட்டினீங்க. கேட்க நல்லா இருந்துச்சு, அதான் சொல்லல.”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “உட்காருங்க பாஸ், ரெண்டு நிமிஷம். இந்தச் சரக்க இறக்கிட்டு வந்துர்றேன்.”